பலகையில் செதுக்கிய முகம்

காவிரியின் புதுப்புனலையும் வைகையின் மணற்பரப்பையும் பற்றி எத்தனையோ கதைகள் கேட்டுத் தேர்ந்த அன்பு வாசகர்களை, இன்று கடல்கள் பல கடந்து கீழ்த்திசையின் கோடியில் பாயும் வேறொரு நதியின் கரைக்கு அழைத்துச் செல்கிறோம். நதியின் பெயர் சுமிதா. அது தழுவிச் செல்லும் மாநகரின் பெயர் எடோ. ஜப்பானியத் தீவுகளின் சிற்றரசர்கள் அனைவரையும் ஷோகன் என்னும் மகா சேனாபதி தம் வாளின் நிழலில் அடக்கி ஆண்டுகொண்டிருந்த காலம் அது.

கோடையின் கடைசி நாட்களில் ஒன்று. மேற்கே செக்கர் வானம் மெல்ல மெல்ல நிறம் இழந்துகொண்டிருக்க, கீழ்வானில் எழுந்த முழுமதி நதியின்மேல் வெள்ளித் தகட்டை விரித்துக்கொண்டிருந்தது. வில்லைப்போல் வளைந்து நின்ற பெரிய மரப்பாலத்தின் கீழே காகித விளக்குகளை ஏந்திய படகுகள் மிதந்தன. காற்று வாங்க வந்த நகர மாந்தரின் சிரிப்பும், மூன்று நரம்பு யாழின் ஓசையும், மீன் சுடும் புகையும் நீரின்மேல் தவழ்ந்து வந்தன. கரையில் ஆற்றுப்பாலை மரங்கள் கிளைகளைத் தாழ்த்தி நிற்கும் இடத்தில் ஒரு சிறு தேநீர் விடுதி இருந்தது. அங்கே தேநீர் வார்த்துக் கொடுக்கும் ஒகினு என்ற யுவதிக்கு எதிரே தோமோகி என்னும் ஓவியன் அமர்ந்து, தன் சித்திரங்களை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டிக்கொண்டிருந்தான்.

அந்நாளில் எடோ நகரத்தார் பெண்களின் சித்திரங்கள்மீது தீராத மோகம் கொண்டிருந்தார்கள். ஓவியன் தீட்டிக் கொடுப்பதைச் செதுக்குபவன் மரப்பலகையில் வெட்டுவான். அச்சிடுபவன் நிறத்துக்கு ஒரு பலகையாக மாற்றி மாற்றி ஒற்றி எடுப்பான். அந்தத் தாள்கள் சுடச்சுட விற்கும் பணியாரம்போல் கடைவாசலிலேயே தீர்ந்துபோகும்.

“இவள் யார்?” என்று ஒரு தாளைச் சுட்டிக் கேட்டாள் ஒகினு.

“கணிகையர் வீதியின் பேரழகி.”

“இவள்?”

“பாலத்தருகே பூ விற்பவள்.”

“குழந்தைக்குத் தலை வாரிவிடும் இவள்?”

“ஒரு பட்டு வணிகரின் மனைவி.”

ஒகினு புன்னகைத்தாள். “மூவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் போலிருக்கிறதே. அதே நீண்ட வெள்ளை முகம், அதே கீற்றுக் கண்கள், அதே துளி வாய். இடைக்கச்சையின் ஒவ்வோர் இழையையும் பார்த்துப் பார்த்துத் தீட்டியிருக்கிறீர்கள். கொண்டைச் சீப்பின் பற்களைக்கூட எண்ணிவிடலாம். முகத்தை மட்டும் யாரும் பார்க்கவே இல்லை போலும்.”

“எங்கள் தொழிலின் வழக்கம் அது. வாங்குகிறவர்கள் கேட்பது அழகு என்ற ஒன்றை. இன்ன பெண்ணின் முகம் என்று யாரும் கேட்பதில்லை. ஆடையைக் கொண்டுதான் ஆளை அறிந்துகொள்கிறார்கள்” என்றான் தோமோகி. பிறகு குரலைத் தாழ்த்தி, “உன்னை வரைய எத்தனை நாளாகக் கேட்கிறேன். நீ மறுத்துக்கொண்டே இருக்கிறாய்” என்றான்.

அவள் நதியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மற்றப் பெண்களைப்போல வழக்கமான அழகு அவளுக்கு இல்லை. இடப்புருவத்தை ஒரு மெல்லிய தழும்பு இரண்டாகப் பிரித்திருந்தது. கீழுதடு சற்றே தடித்திருந்தது. சிரிப்பு வருவதற்கு முன்பே கன்னத்தில் குழி விழுந்துவிடும். ஒரு முறை கண்டவர் மறக்க இயலாத முகம். மறக்க இயலாதது என்பதாலேயே அதை அவள் மறைத்துத் திரிய வேண்டியிருந்தது.

“இப்போது சம்மதிக்கிறேன். உங்கள் சித்திரங்களில் யாருடைய முகமும் இல்லை என்று தெரிந்துகொண்டதனால் சம்மதிக்கிறேன். எல்லாருக்கும் வரையும் அந்த முகத்தையே எனக்கும் வரைவதாக வாக்குக் கொடுங்கள்” என்றாள்.

“கொடுத்தேன். ஆனால் உன் முகத்துக்கு நீ ஏன் இப்படி அஞ்சுகிறாய்? வசந்தம் முதல் தினமும் வருகிறேன். உன்னை மணந்துகொள்ளக் கேட்டிருக்கிறேன். என்னிடமும் மறைப்பாயா?”

காதல் கொண்ட நெஞ்சம் எவ்வளவு காலம்தான் தன் சுமையைத் தனியே சுமக்கும்? அந்த நிலவொளியில் ஒகினு தன் கதையைச் சொன்னாள்.

வடக்கே பனிமலைகளின் நடுவே ஹிமுரோ என்றொரு நாடு உண்டு. அதன் மறைந்த மன்னருக்கு ஒரே மகள். இளவரசி சாயோ என்பது அவள் பெயர். மன்னர் கண்மூடியதும், நாட்டின் நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்த முதன்மந்திரி குரோகாவா கென்பெய், தன் மகனை அவள் மணந்துகொள்ள வேண்டும் என்றான். அவள் மறுத்தாள். சில நாட்களில் அவள் ஏறிச் சென்ற படகு ஏரியின் நடுவே ஓட்டை விழுந்து மூழ்கியது. கூடச் சென்ற செவிலித்தாய் இறந்தாள். சாயோ நீந்திக் கரையேறினாள். புருவத்துத் தழும்பு அன்று பாறையில் பட்ட காயம். இளவரசி இறந்துவிட்டதாக ஷோகனின் சபைக்கு எழுதிய கென்பெய், தன் மகனையே வாரிசாக ஏற்க வேண்டும் என்று விண்ணப்பித்திருந்தான். இலையுதிர் காலத்தில் விசாரணை நடக்க இருந்தது.

“தேநீர் விற்பவள் சபை வாசலில் போய் நான் இளவரசி என்றால், பைத்தியம் என்று சொல்லி இந்நகரில் உள்ள ஹிமுரோ மாளிகையிலேயே ஒப்படைத்துவிடுவார்கள். அந்த மாளிகையில் கென்பெய் காத்திருக்கிறான். என் தாயின் தமையனார் ஒரு பிரபு. இலையுதிர் காலத்தில் எடோ திரும்புகிறார். அவர் வரும்வரை உயிரோடிருந்தால் போதும்” என்றாள் அவள். “உங்களைத் தவிர இந்நகரில் என் பெயர் தெரிந்தவர் யாருமில்லை.”

“சாயோ” என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தான் தோமோகி. அந்தப் பெயரை வேறொருவர் உச்சரித்துக் கேட்டு ஓராண்டுக்கு மேலாகிவிட்ட அவளுக்குக் கண்கள் நிறைந்துவிட்டன.

அதன் பிறகு தோமோகி சில நாட்கள் வரவில்லை. வேலை மிகுதி என்று எண்ணிக்கொண்டாள். ஆனால் விடுதிக்கு வருவோர் கூட்டம் மட்டும் திடீரென்று பெருகத் தொடங்கியது. வந்தவர்கள் தேநீரைக் குடிக்காமல் அவள் புருவத்தையே உற்றுப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஒருவருக்கொருவர் தலையசைத்துக்கொண்டார்கள். மறுநாள் காலையிலேயே தலையில் துணியைப் போர்த்திக்கொண்டு, நாமிகியா என்பவரின் சித்திரக் கடைக்கு விரைந்தாள்.

கடைவாசலில் வரிசையாகத் தொங்கிய தாள்களிலிருந்து அவளுடைய முகமே அவளைப் பார்த்தது.

வழக்கமான நீள்முகம் அங்கே இல்லை. பிளந்த புருவம் இருந்தது. தடித்த கீழுதடு இருந்தது. சிரிப்புக்கு முன் விழும் கன்னக்குழிகூட ஒரே ஒரு வளைகோட்டில் உயிரோடு இருந்தது. அவளை அவ்வளவு கூர்ந்து யாரும் பார்த்ததில்லை. தாளின் மேல்மூலையில் சிறு கட்டத்துக்குள் ஒரு விடுகதைச் சித்திரம் தீட்டப்பட்டிருந்தது. வாசகர்களுக்கு அதை விளக்கிவிட வேண்டும். கணிகையர் அல்லாத பெண்களின் பெயரைச் சித்திரத்தில் அச்சிடலாகாது என்று அந்நாளில் ஆட்சியாளர்கள் தடை விதித்திருந்தார்கள். ஓவியர்களோ பெயரை எழுதாமல், அதன் ஓசையைத் தரும் பொருள்களை வரைந்து வைத்துத் தப்பினார்கள். இங்கே ஒரு மூங்கிற்புல் பாதி மறைக்கப்பட்டிருந்தது. மூங்கிற்புல்லுக்கு அவர்கள் மொழியில் ‘சாசா’ என்று பெயர். அதில் பாதி ‘சா’. பக்கத்தில் கருமை பூசிய இரவு வானம். இரவு என்பது ‘யோ’.

விடுதியில் அவளை அறிந்தவர்கள் ஒகினு என்றுதான் அறிவார்கள். சாயோ என்பதை அறிந்தவன் ஒருவனே.

“கண் எடுக்க முடியவில்லை அல்லவா?” என்றார் கடைக்காரர் நாமிகியா, துணிக்குள் இருந்த முகத்தைக் காணாமல். “இதற்கு ஈடாக ஒன்று இந்நகரில் இதுவரை விற்றதில்லை. ஓவியருக்கு இதைக் கடைக்குக் கொடுக்கும் எண்ணமே இல்லை, தெரியுமா? ஒரு பிரபுவின் மாளிகைக்காகப் பட்டில் தீட்டிக்கொண்டிருந்தார். அதன் முதற்படி தரையில் கிடந்தது. நான் எடுத்து வந்து பலகையில் செதுக்கச் சொல்லிவிட்டேன். மனிதர் என்மேல் மிகுந்த கோபத்தில் இருக்கிறார்.”

“எந்தப் பிரபுவின் மாளிகை?”

“ஹிமுரோ மாளிகை. அவர்களுடைய ஆட்கள் பட்டுச்சீலையை எடுத்துப் போனபோது நானே பார்த்தேன்.”

சாயோ ஒரு தாளை வாங்கி மடித்து இடைக்கச்சையில் செருகிக்கொண்டாள். உள்ளே ஏதோ ஒன்று அசைவற்று நின்றுபோயிருந்தது. அங்கிருந்து நேரே தோமோகியின் வீட்டுக்குப் போனாள்.

அவன் புதிய கரும்பட்டு மேலங்கி உடுத்தி, கண்ணாடியின் முன் நின்றுகொண்டிருந்தான். அதன் தோளில் மூன்று பைன் ஊசியிலைகள் கொண்ட ஹிமுரோ இலச்சினை வெண்ணூலால் பின்னப்பட்டிருந்தது. அவளைக் கண்டதும் முகம் வெளுத்துத் தரையில் அமர்ந்தான்.

“அது எங்கள் வீட்டு இலச்சினை. அதை நீங்கள் அணிந்து நான் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை” என்றாள் சாயோ.

“இளவரசி, நான் சொல்வதைக் கேளுங்கள். அன்று தங்கள் கதையைக் கேட்ட பிறகு கென்பெய் பிரபுவின் ஆட்கள் என்னைத் தேடி வந்தார்கள். அவர் மனம் மாறிவிட்டார். தங்களுக்குத் தீங்கில்லை. இன்று மாலை விடுதிக்குப் பல்லக்கு வரும். தங்களை மரியாதையோடு அழைத்துப் போய்…”

“அதை நம்பினீர்களா?”

“நம்ப விரும்பினேன்” என்றான்.

“எதற்காக?”

“ஹிமுரோவின் ஆஸ்தான ஓவியர் பதவி தருவதாகச் சொன்னார்கள். வாழ்நாள் முழுவதும் தெருவில் போகிறவர்கள் கசக்கி எறியும் தாள்களுக்கு வரைந்துகொண்டிருக்க என்னால் இயலவில்லை. ஆனால் என் வாயால் தங்கள் பெயரை யாரிடமும் சொல்லவில்லை. அது மட்டும் சத்தியம்.”

“ஆம். வாயால் சொல்லவில்லை. பாதி மூங்கிற்புல்லை வரைந்தீர்கள்” என்றாள் அவள். கோபம்கூட இல்லாத அந்தக் குரலைத் தாங்காமல் அவன் தலை கவிழ்ந்தான். அவள் செருப்பை அணிந்துகொண்டு வெளியேறினாள்.

அவள் தெருவில் இறங்கினாள். ஏரித்தண்ணீர் வாயில் புகுந்த அன்றுகூட இப்படி மூச்சு முட்டவில்லை. அன்று அவளைக் கொல்ல வந்தவன் பகைவன். தப்பி ஓடலாமா என்று எண்ணினாள். நகரின் பாலங்களில் எல்லாம் இந்நேரம் கென்பெயின் ஆட்கள் நிற்பார்கள். புருவத்தை மறைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும்? அப்போது தெருமுனையில் இருந்த காவல் சாவடியும், அதன் சுவரில் ஒட்டியிருந்த அரசாணையும் அவள் கண்ணில் பட்டன. கணிகையர் அல்லாத பெண்களின் பெயரைச் சித்திரத்தில் இடலாகாது; விடுகதையாக இடுவதும் குற்றம் என்று புதிதாகச் சேர்த்திருந்தார்கள். அவள் சற்று நேரம் அதன்முன் நின்றாள். பின்பு உள்ளே நுழைந்தாள்.

சாவடியில் இருந்த அதிகாரியின் பெயர் இசோதா. நகர நீதிபதியின்கீழ் வேலை பார்ப்பவர். சட்டத்தின் ஒவ்வொரு சொல்லையும் மந்திரம்போல் போற்றுபவர்.

“ஐயா, நாமிகியா கடையில் விற்கும் சித்திரமொன்றில் ஒரு பெண்ணின் பெயர் மறைவாக இடப்பட்டிருக்கிறது. அந்தப் பெண்ணை ஆற்றங்கரை விடுதியில் இன்று மாலை காணலாம். அவள் பெயர் என்ன என்பதைத் தாங்களே கேட்டுப் பதிந்துகொள்ளலாம்” என்றாள்.

“புகார் கொடுப்பவள் யார்?”

“அந்தப் பெண்தான்” என்று சொல்லி, தலைத்துணியை நீக்கினாள் சாயோ.

மாலை வந்தது. விடுதியைச் சுற்றி வழக்கத்தைவிடப் பெருங்கூட்டம். பலருடைய கைகளில் அந்தச் சித்திரம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கரும்பல்லக்கு ஒன்று வந்து நின்றது. பின்னே வாள் தரித்த வீரர்களுடன் குரோகாவா கென்பெயே வந்திருந்தான். நரைத்த தலையும் கனிந்த குரலும் கொண்ட அவனைப் பார்ப்பவர்கள் பரம சாது என்றே எண்ணுவார்கள். அவனருகே கரும்பட்டு உடுத்தித் தோமோகி நின்றான்.

“அழகிய பெண்ணே, எங்கள் மாளிகை விருந்தில் தேநீர் வார்க்க நீ வர வேண்டும். பல்லக்கு அனுப்பும் அளவுக்கு உன் புகழ் பரவியிருக்கிறது” என்றான் கென்பெய்.

“பொறுக்க வேண்டும், பிரபு” என்று ஒரு குரல் குறுக்கிட்டது. விடுதியின் உட்புறத்திலிருந்து இசோதா காவலர்களோடு வெளிவந்தார். கையில் இருந்த தாளை உயர்த்திக் காட்டி, “இதன் மூலையில் இருப்பதை யாரேனும் வாசித்துச் சொல்லுங்கள்” என்றார்.

விடுகதையை விடுவிப்பதில் எடோ நகரத்தாருக்கு உற்சாகம் சொல்லவா வேண்டும்? “மூங்கிற்புல்லில் பாதி, சா” என்றார் ஒரு மீன் வியாபாரி. “இரவு, யோ” என்றாள் ஒரு மூதாட்டி. “சாயோ” என்று கூட்டம் முழுவதும் ஒரே குரலாகச் சொன்னது.

“உன் பெயர் அதுவா, பெண்ணே?”

“அதுவேதான், ஐயா. முழுவதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஹிமுரோ நாட்டின் மறைந்த மன்னருடைய மகள் சாயோ. ஏரியில் மூழ்கி இறந்துவிட்டதாக இதோ நிற்கும் குரோகாவா கென்பெய் ஷோகனின் சபைக்கு எழுதிய சாயோ.”

கென்பெய் இரக்கத்தோடு சிரித்தான். “பாவம், சித்தம் கலங்கியவள். எங்கள் இளவரசிக்கு நானே ஈமக்கடன் செய்வித்தேன். அதிகாரியவர்களே, இந்தச் சித்திரங்களில் யார் முகம் இருக்கிறது? எல்லாப் பெண்களுக்கும் ஒரே முகம்தானே. வரைந்தவரே இங்கிருக்கிறார். கேளுங்கள்.”

இசோதா ஓவியனை நோக்கித் திரும்பினார். “சொல்லும். இது இந்தப் பெண்ணைப் பார்த்து வரைந்த முகமா? இது இவளுடைய பெயரா? ஆம் என்றால் தடையை மீறிய குற்றத்துக்கு உமக்கு விலங்கு. கற்பனை என்றால் நீர் போகலாம். இவளும் இவர்களோடு போகலாம்.”

சாயோ அவனைப் பார்த்தாள். காலையில் அவன் வீட்டில் உறைந்துபோன நெஞ்சின் ஏதோ ஒரு மூலையில், அவளை மீறி, ஒரு சிறு நம்பிக்கை தலைதூக்கியது. அறியாமையால் ஒரு முறை தவறியவன் இப்போது அறிந்து நிற்கிறான். ஒரே சொல்லில் அவளைக் காத்துவிடலாம். தோமோகியின் உதடுகள் அசைந்தன. கென்பெயின் கை அவன் தோள்மீது, இலச்சினையின்மேல் மெல்லப் படிந்தது.

“கற்பனை. எல்லாப் பெண்களுக்கும் வரையும் முகம்தான்” என்றான் தோமோகி.

அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

ஆனால் இசோதா நகரவில்லை. தாளை அவள் முகத்துக்கு அருகே பிடித்துத் தழும்பையும் உதட்டையும் நிதானமாக ஒப்பிட்டார். கூட்டத்தில் இருந்தவர்களும் தங்கள் கைத்தாள்களை உயர்த்திப் பிடித்து ஒப்பிட்டார்கள். “இந்தப் பிளந்த புருவமும் கற்பனையா?” என்றார் அவர். “உம்முடைய நாக்கு ஒன்று சொல்கிறது; உம்முடைய தூரிகை வேறொன்று சொல்கிறது. தூரிகை சொன்னதை நான் பதிந்துகொள்கிறேன்.” காவலர்களிடம் திரும்பி, “இந்தப் பெண் வழக்கின் சாட்சி. நீதிபதியின் காவலில் இருப்பாள். ஓவியரையும் கட்டுங்கள்” என்றார்.

கென்பெயின் கை வாளின் பிடியைப் பற்றியது.

“ஷோகனின் நீதிமன்றத்துக்கு உரியவளைத் தொட எண்ணுகிறீர்களா, பிரபு?” என்று கேட்டார் இசோதா. சுற்றிலும் நூற்றுக்கணக்கான கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. பிடியிலிருந்து கை விலகியது. வெறும் பல்லக்கு வந்த வழியே திரும்பிப் போயிற்று.

பின்னர் நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். நீதிபதியின் ஏட்டில் ஏறிய பெயரை யாராலும் அழிக்க முடியவில்லை. செய்தி சபைக்கு எட்டியது. மாமன் வந்து மருமகளை அடையாளம் காட்டினார். கென்பெய் தன் வாளாலேயே தன் உயிரை முடித்துக்கொள்ளும்படி ஆணை பிறந்தது. ஹிமுரோவின் ஆசனத்துக்கு அரச குலத்துப் பாலகன் ஒருவனைத் தத்தெடுத்து, அவன் வளரும்வரை சாயோ காப்பாளராக இருப்பதென்று தீர்ப்பாயிற்று. நாமிகியா கடையின் பலகைகளை எரித்தார்கள். தோமோகி கைகளில் விலங்கு பூண்டு வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தான்.

விலங்கு நீங்கிய பிறகு, முதற்பனி விழுந்த ஒரு பகற்பொழுதில், அவன் ஹிமுரோ மாளிகையின் வாசலுக்கு வந்து காண அனுமதி வேண்டினான். குல வழக்கப்படி மூங்கில் திரைக்குப் பின்னே அமர்ந்திருந்த சாயோ அவனை வரச் சொன்னாள். அவன் பாயில் நெற்றி பட விழுந்து வணங்கினான். விலங்கின் வடுக்கள் மணிக்கட்டுகளில் கறுத்திருந்தன.

“மன்னிப்புக் கேட்க வந்தீரா?” என்றது திரைக்குப் பின்னிருந்த குரல். வாசகர்களே, அவனை ‘நீங்கள்’ என்று அழைத்து வந்த அதே குரல்தான் இப்போது ‘நீர்’ என்றது.

“இல்லை, இளவரசி. மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கில்லை. ஒரு பொய்யைத் திருத்த வந்தேன். தங்கள் கதையைக் கேட்ட பிறகு கென்பெயின் ஆட்கள் வந்தார்கள் என்றேன். அவர்கள் அதற்கு முன்பே வந்துவிட்டார்கள். இளவரசியின் உடல் ஏரியில் கிடைக்கவில்லை. எடோவின் விடுதிகளில் தேட வேண்டும். பெண்களை வரைகிறேன் என்று சொல்லிக்கொண்டு எங்கும் நுழையக்கூடியவன் நீ என்றார்கள். வசந்தத்தில் தங்கள் விடுதிக்குள் முதன்முதலாகக் காலடி வைத்தபோதே நான் அவர்களுடைய ஒற்றன்.”



“மணந்துகொள்ளக் கேட்டதும்?” என்று கேட்டாள் அவள்.

“பெயரைச் சொல்ல வைப்பதற்காக” என்றான் அவன். “ஆனால் அவர்கள் கேட்டது பெயரையும் ஓர் அடையாளத்தையும் மட்டுமே. கன்னத்தின் குழியை வரையச் சொல்லி எவரும் எனக்கு ஆணையிடவில்லை. அதைத் தீட்டும்போது நான் யாருக்காகத் தீட்டுகிறேன் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. இதையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.”

காவலுக்கு நின்ற வீரன் ஒருவன் வாளில் கை வைத்துக்கொண்டு, ஆணையை எதிர்பார்த்துத் திரையை நோக்கினான். அந்தத் திரைக்குப் பின்னே ஒரு கோடைகாலம் முழுவதும் ஒவ்வொரு மாலையாக அவிந்துகொண்டிருந்ததை அவன் எப்படி அறிவான்? படகு விளக்குகளும், பகிர்ந்த தேநீரும், தன் பெயரைக் கேட்டுக் கண் நிறைந்த அந்தக் கணமும், எதுவுமே அவளுடையதாக எஞ்சவில்லை.

“அவரை ஒன்றும் செய்ய வேண்டாம்” என்றாள் சாயோ. “ஓவியரே, ஹிமுரோ வீட்டார் உமக்கு ஆஸ்தானப் பதவி தருவதாக வாக்களித்தார்கள். எங்கள் வீட்டார் கொடுத்த வாக்கை நாங்கள் மீறுவதில்லை. பதவியை எடுத்துக்கொள்ளும். கொக்குகளையும் பைன் மரங்களையும் வரைந்துகொண்டிரும்.”

“இளவரசி, அதைவிட என் தலையை எடுத்துவிடுங்கள். இனி ஒரு பெண்ணின் முகத்தையும் தீண்டமாட்டேன் என்று இப்போதே சத்தியம்…”

“உம்முடைய சத்தியம் எனக்கு வேண்டாம். என்னுடையதைக் கேட்டுக்கொள்ளும்” என்றாள் அவள். “மறைத்து வைத்திருந்த முகத்தைத்தான் உம்மால் விற்க முடிந்தது. உயிருள்ளவரை நான் எந்தத் திரைக்குப் பின்னும் அமர்வதில்லை. என்னைக் காண வருகிறவர் என் முகத்தை நேரே பார்த்துப் பேசட்டும். இது என் தந்தையின் மேல் ஆணை.”

பின் பணிப்பெண்களை நோக்கி, “திரையை அவிழ்த்து எடுத்துப் போங்கள்” என்றாள்.

மூங்கில் திரை சரசரவென்று சுருண்டு விலகியது. பனி வெளிச்சம் கூடம் முழுவதும் பாய்ந்தது. அங்கே கூடியிருந்தோர் அனைவரும் தங்கள் தலைவியின் முகத்தை முதன்முறையாக ஏறிட்டுப் பார்த்தார்கள். தோமோகி ஒருவன் மட்டும், பாயில் பதித்த கண்களை உயர்த்த மாட்டாமல், அவள் எழுந்து போகும்வரை அப்படியே கிடந்தான்.